வாடகை வண்டியும் வாய்மையும்

பிறர் பொருளைச் சில நாள் வாங்கிப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுப்பது நம் ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். திருமண வீட்டிற்கு வேண்டிய அண்டாவும் ஜமக்காளமும் அடுத்த வீட்டிலிருந்து வரும். அண்டாவில் ஒடுக்கு விழுந்தால் யார் பொறுப்பு என்று எவரும் எழுதி வைத்ததில்லை. எடுத்தவரே பொறுப்பு என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். அண்டாவுக்கு அந்த அறிவு போதும். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய காருக்கும் அது போதுமா? இதனைக் குடும்பத் தலைவர்களும் இல்லத்தரசிகளும் சற்றே அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் பிழைப்பை நாடி வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். தொழிற்பேட்டையையும் படைக்கலத் தொழிற்சாலைகளையும் நம்பி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே குடியேறிய குடும்பங்களுக்குச் சொந்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு. ஆகையால் நன்மை தீமை எது நேர்ந்தாலும் பயணம் தவிர்க்க முடியாதது. பேரனின் புதுநன்மை, தங்கை மகளின் திருமணம், ஊரிலுள்ள பெரியம்மாவின் அடக்கம், செப்டம்பர் எட்டாம் நாளை ஒட்டி வேளாங்கண்ணிப் பயணம் என ஆண்டுக்கு நான்கைந்து முறையாவது வண்டி தேவைப்படுகிறது. முன்பெல்லாம் குழந்தை குட்டிகளோடு பாரிமுனைக்குச் சென்று பேருந்து பிடித்தோம். இன்று தெருமுனை டிராவல்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னால் வாசலில் வண்டி வந்து நிற்கிறது.

அடியேன் ஒரு தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டிகளின் ஆர்.சி. புத்தகம், பெர்மிட், இன்ஷூரன்ஸ், டீசல் கணக்கு ஆகியவற்றோடு வாழ்ந்தவன் என்பதால், எங்கள் தெருவில் யார் வண்டி எடுத்தாலும் முதலில் என்னிடம் வந்து ஒரு சொல் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: “கிலோமீட்டருக்கு எவ்வளவு கேட்கலாம்?” நான் அவர்களைத் திருப்பிக் கேட்பவை இரண்டு: “இன்ஷூரன்ஸ் எப்படி? டீசல் யாருடையது?” இரண்டாவது கேள்விக்கு உடனே விடை வரும். முதற் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனமே விடை.

வண்டியின் இன்ஷூரன்ஸை அறிய முதலில் அதன் எண் பலகையைப் பார்த்தல் வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது ஒருவர் தம் குடும்பத்துக்கென வைத்திருக்கும் சொந்த வண்டி. இதனை ‘ஓன் போர்டு’ என்பர். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் ஓட்டுநரோடு வாடகைக்கு விடப்படும் டாக்ஸி. இது ‘டி போர்டு’. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், நாமே ஓட்டிச் செல்வதற்காக வாடகைக்குத் தரப்படும் வண்டி. மின்சார வண்டிகளுக்குப் பலகை பச்சை நிறம். அவற்றிலும் வாடகைக்கு ஓடுபவற்றின் எழுத்து மஞ்சள். பூவிருந்தவல்லியில் பதிவானது டி.என். 12 என்றும், அம்பத்தூரில் பதிவானது டி.என். 13 என்றும் தொடங்கும். ஊர் எண் எதுவாயினும் ஆகட்டும். நமக்கு முதன்மையானது பலகையின் நிறமே. ஏனெனில் இன்ஷூரன்ஸ் எந்தப் பயன்பாட்டுக்காக எழுதப்பட்டது என்பதற்கு அதுவே வெளியில் தெரியும் அடையாளம்.

மோட்டார் வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியது ஏன் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டிலேயே அது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென ஓர் அதிகாரம் எழுதப்பட்டு, 1946 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் 146ஆம் பிரிவு அதனை வலியுறுத்துகிறது. சட்டம் கட்டாயப்படுத்துவது வண்டிக்கான காப்பை அன்று. நம் வண்டியால் அடிபடக்கூடிய மூன்றாம் மனிதருக்கான காப்பையே. நம் பம்பர் நொறுங்கினால் நாம் இழப்பது பணம். அதைக் காப்பதும் காவாததும் நம் விருப்பம். ஆனால் சாலையோரம் நடந்து செல்லும் ஒருவர் நம் வண்டியால் கால் இழந்தால், நம்மிடம் பணம் இல்லை என்னும் காரணத்தால் அவர் வாழ்வு பாழாகக் கூடாது என்பதே சட்டத்தின் கருத்து. முகமறியாத அயலானுக்காக முன்கூட்டியே எடுத்து வைக்கும் பணம் இது. ஆகையால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை வெறும் வரி எனக் கருதி முணுமுணுப்பது முறையாகாது.

இந்தக் காப்பு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. சொந்த வண்டிக்கென எழுதப்பட்ட பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ வண்டியை விடக்கூடாது என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த நிபந்தனை மீறப்பட்டால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதற்குக் காப்பீட்டு நிறுவனம் வாதாடலாம் எனச் சட்டமே இடம் அளிக்கிறது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கான பாலிசியின் பிரீமியம் வேறு, பெர்மிட்டுக்கும் எஃப்.சி.க்கும் ஆகும் செலவு வேறு. இவற்றையெல்லாம் செலுத்துவதனாலேயே டி போர்டு வண்டியின் வாடகை சற்று அதிகம். செலுத்தாததனாலேயே ஓன் போர்டு வண்டியின் வாடகை சற்றுக் குறைவு. அந்தச் சலுகை எங்கிருந்து பிறந்தது என்று கேட்பவர் குறைவு.

எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுவது பொருத்தமாகும். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குச் செல்ல விரும்பினார். அறிமுகமான ஒருவர் தம் ஓன் போர்டு வண்டியை ஓட்டுநரோடு தர முன்வந்தார். டி போர்டு வண்டியைக் காட்டிலும் மூன்று நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு. ரொக்கமாகப் பணம் கைமாறியது. சீட்டு எதுவும் எழுதப்படவில்லை. போகும் வழியில் விடியற்காலை, பால் கேனோடு சைக்கிளில் வந்த ஒருவர் மீது வண்டி மோதியது. வண்டியில் இருந்தவர்களுக்குக் காயம் இல்லை. பால்காரரின் வலது கால் முறிந்தது. இருமுறை அறுவை செய்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வழக்குப் பதிவாயிற்று. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், வண்டியின் உரிமையாளர் ஆசிரியரைத் தேடி வந்தார். “சொந்தக்காரர்கள், பணம் எதுவும் வாங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஐயா. அந்தப் பால்காரருக்கும் பணம் கிடைக்கும், எனக்கும் வீடு மிஞ்சும், உங்களுக்கும் தொல்லை இல்லை” என்றார். அவர் கெட்டவரல்லர்; வண்டிக் கடனின் தவணையைக் கட்டுவதற்கு அவ்வப்போது வண்டியை விட்டு வந்தவர், அவ்வளவே. அன்று மாலை ஆசிரியர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தார். நெடுநேரம் பேசவில்லை.

அவருக்கு நேர்ந்த சோதனையைச் சற்று உற்று நோக்குங்கள். பொய் சொன்னால் தமக்கு இலாபம் என்றிருந்தால் அவர் ஒரு நொடியும் தயங்கியிருக்க மாட்டார், மறுத்திருப்பார். இங்கோ, பொய் சொன்னால் அடிபட்ட ஏழைக்கு உடனே பணம் கிடைக்கும் எனத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் அந்த ஏழையின் பணம் தடைபடும் எனத் தோன்றியது. பொய்யை எவரும் கண்டுபிடிக்கவும் இயலாது. “பொய் இரக்கத்தின் உடையை உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறதே, என்ன செய்வேன்?” என்று அவர் கேட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் நான் எடுத்துரைத்தேன். முடிவு அவருடையது. “இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவன் நான். அதன் விலையைப் பொய்யால் கட்டக் கூடாது” என்று கூறி எழுந்தார்.

அவர் உண்மையையே கூறினார். தம் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைப் பால்காரரின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்தார். உரிமையாளர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். நிறுவனம் பொறுப்பை மறுத்தது. வழக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் நடந்தது. இறுதியில், அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதனை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. இவ்வாறு தீர்ப்பளித்து நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏழைகளைக் காத்துள்ளன. ஆயினும் மூன்றாண்டுகள் ஒரு பால்காரர் சைக்கிள் மிதிக்க இயலாமல் வீட்டில் இருந்தார் என்பதையும், உரிமையாளர் தம் வண்டியை விற்க நேர்ந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. குறைந்த வாடகையில் மறைந்திருந்த விலை அது. அதனை வண்டியில் சென்றவர்கள் அல்லாமல் மற்றவர்களே பெரும்பாலும் செலுத்தினர்.

இனி, நாமே ஓட்டிச் செல்லும் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் இப்போது இத்தகைய வண்டிகளையே விரும்புகின்றனர். இதற்கென 1989ஆம் ஆண்டிலேயே மைய அரசு ஒரு திட்டம் வகுத்து, 50 வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்போருக்கே உரிமம் என விதித்தது. ஆனால் இன்று தெருவுக்குத் தெரு ஓன் போர்டு வண்டிகளை நாள் வாடகைக்கு விடுவோரும் இருக்கின்றனர். முன்பணமாக ஒரு பைக்கையோ அசல் சான்றிதழையோ வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுக்கின்றனர். இங்கே ஆபத்து இன்னும் பெரிது. ஏனெனில் ஓட்டுபவர் நம் மகன்.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றால் ஓட்டுபவருக்கும் இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பாலிசியோடு சேர்ந்து வரும் பதினைந்து இலட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் உரிமையாளர் தாமே ஓட்டும்போது அவருக்கு உரியது. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் ஆவார் என்றும், தாமே விபத்துக்குள்ளானால் அவ்வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்றாம் நபரைப் போல இழப்பீடு கோர இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு வழக்கில் கூறியது. 2020இல் மீண்டும் அதனை உறுதி செய்தது. ஆகவே வாடகை வண்டியை ஓட்டும் பழக்கமுள்ள பிள்ளைகள் தங்கள் பெயரில் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது நலம். அதற்கு ஆகும் பிரீமியம், ஒரு நாள் வண்டி வாடகையைவிடக் குறைவாகவே பல வேளைகளில் இருக்கக் காண்கிறோம்.

உரிமம் பெற்ற நிறுவனங்களில் வண்டி எடுக்கும்போது, சேதப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள இரண்டு மூன்று வழிகளைக் காட்டுவர். கட்டணம் கூடுதலாகக் கட்டினால், வண்டி சேதமடைந்தபோது நாம் கொடுக்க வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கப்படும். கட்டாவிட்டால் வரம்பு உயரும். இது பெரும்பாலும் நிறுவனம் நமக்கு அளிக்கும் வாக்குறுதியே தவிர, நம் பெயரில் எழுதப்படும் இன்ஷூரன்ஸ் பாலிசி அன்று. டயர், சக்கரம், வண்டியின் அடிப்பகுதி, உள் இருக்கை, தொலைந்த சாவி ஆகியவை பல ஒப்பந்தங்களில் இதற்குள் அடங்குவதில்லை. பெயர் எழுதிக் கொடுக்காத ஒருவர் ஓட்டினாலோ, மது அருந்திவிட்டு ஓட்டினாலோ வாக்குறுதி முழுவதும் பறந்துவிடும். வாரம் ஒருமுறை நகருக்குள் மட்டும் ஓட்டுபவர் உயர்ந்த வரம்பை ஏற்றுப் பணத்தை மிச்சப்படுத்தலாம். அறிமுகமில்லாத மலைச்சாலையில் இரவில் ஓட்டப் போகிறவர் கூடுதல் கட்டணத்தைக் கட்டுவதே அறிவுடைமை. கேட்க வேண்டிய கேள்வி எளியது: “நாளையே வண்டி நொறுங்கினால் என் கையிலிருந்து எவ்வளவு போகும்? அந்தத் தொகை இன்று என்னிடம் இருக்கிறதா?” இல்லையென்றால், கூடுதல் கட்டணம் ஆடம்பரம் ஆகாது.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வெள்ளம் புகுந்ததை நாம் கண்கூடாகக் கண்டோம். வெள்ளத்தால் வரும் சேதத்தை முழு இன்ஷூரன்ஸ் பாலிசி பொதுவாக ஏற்கும். ஆனால் நீரில் நிற்கும் வண்டியைச் சாவி திருகிக் கிளப்பி, அதனால் நீர் புகுந்து இன்ஜின் பாழானால், இன்ஜினுக்கெனத் தனிக் காப்பு எடுத்திராதபோது நிறுவனங்கள் அதனை மறுத்துவிடுகின்றன. மறுக்கப்பட்ட தொகை வாடகைக்கு எடுத்தவர் தலையில் வந்து விழும். மழைக்காலத்தில் வண்டி எடுப்பவர் இந்தக் காப்பு உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். உண்டோ இல்லையோ, நீரில் நின்ற வண்டியைக் கிளப்பாமல் உரிமையாளருக்குத் தகவல் சொல்லி, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே முறை.

எரிபொருளின் கணக்குக்கு வருவோம். இதில் உயிர் போகும் ஆபத்து இல்லை. ஆயினும் மனத்தாங்கலுக்கு இதுவே முதற்காரணம். ஓட்டுநரோடு எடுக்கும் வண்டிக்கு நம் ஊரில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கிலோமீட்டர் கணக்கு. இதில் டீசல் வண்டிக்காரருடையது. மற்றொன்று நாள் வாடகைக் கணக்கு. இதில் டீசல் நம்முடையது. ஓட்டுநர் படியும் சுங்கக் கட்டணமும் இரண்டிலும் தனியே.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று நாள் பயணம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய். நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும் என்பது ஒரு முறை. நாள் வாடகை 2,500 ரூபாய், டீசல் நம்முடையது என்பது மற்றொரு முறை. வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றும், டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வேளாங்கண்ணி சென்று, அருகில் ஓரிரு ஊர்களையும் பார்த்துத் திரும்ப 750 கிலோமீட்டர் ஆயிற்றென்றால், முதல் முறையில் 10,500 ரூபாய். இரண்டாம் முறையில் டீசல் 4,650 ரூபாயும் சேர்ந்து 12,150 ரூபாய். இங்கே முதல் முறையே நன்று. அதே மூன்று நாளில் இன்னும் தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று 1,200 கிலோமீட்டர் ஓடினால், முதல் முறையில் 16,800. இரண்டாம் முறையில் 14,940. இப்போது இரண்டாம் முறை நன்று. திருமண வீட்டில் வண்டியை நிறுத்தி வைத்து மூன்று நாளில் 300 கிலோமீட்டரே ஓடினால், முதல் முறையில் குறைந்த அளவுக்கான 10,500 ரூபாயைத் தந்தே ஆக வேண்டும். இரண்டாம் முறையிலோ 9,360 ரூபாய்தான். வண்டி மிக நீளமாக ஓடினாலும், பெரும்பாலும் நின்றே இருந்தாலும் நாள் வாடகை ஆதாயம். குறைந்த அளவை ஒட்டி ஓடினால் கிலோமீட்டர் கணக்கு ஆதாயம். விலைகள் மாறும், போடும் முறை மாறாது. வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார்கள்.

கணக்கில் அடங்காத ஒன்றும் இதில் உண்டு. டீசல் யாருடையதோ அவருக்கே சிக்கனம் தோன்றும். கிலோமீட்டர் கணக்கில் சென்றால், வண்டி நின்றவுடன் ஏ.சி. அணைந்துவிடும், முதியவர்கள் உள்ளே வியர்த்துக் கிடப்பர். டீசல் நம்முடையது என்றால், ஓட்டுநர் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு உறங்குவார். அதைப் பார்த்து நம் உள்ளம் கொதிக்கும். இருவரையும் குறை கூறுவதில் பயனில்லை. புறப்படும் முன்பே இதைப் பற்றி இரண்டு சொல் பேசிக்கொண்டால் பயணம் இனிதாகும். அதே வேளையில் ஓட்டுநரும் ஒரு வீட்டின் தந்தை, ஒரு தாயின் மகன் என்பதை நினைவிற் கொள்வோமாக. இரவு முழுதும் ஓட்டியவரைக் காலையிலும் ஓட்டச் சொல்வது, எந்த இன்ஷூரன்ஸாலும் ஈடுசெய்ய முடியாத துணிச்சல். அவருக்குப் படுக்க ஓர் இடமும் ஆறு மணி நேர உறக்கமும் கொடுப்பது பயணச் செலவில் ஒரு பகுதி.

கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான வண்டிக்காரர்கள் ‘ஷெட் டு ஷெட்’ எனத் தங்கள் இடத்திலிருந்து கிளம்பித் தங்கள் இடத்துக்குத் திரும்பும் வரை எண்ணுவர். ஆவடியில் இருப்பவர் கிண்டியிலிருந்து வண்டி வரவழைத்தால், நாம் ஏறாத கிலோமீட்டருக்கும் நாமே பணம் தருகிறோம். வாடகையில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைகிறதே என்று தொலைவில் உள்ள வண்டியைத் தேடுவோர் இதனைக் கணக்கிற் கொள்வதில்லை.

நாமே ஓட்டும் வண்டியில், எடுத்த அளவுக்கே எரிபொருளை நிரப்பித் திருப்பித் தருவதுதான் இரு தரப்பாருக்கும் நேர்மையான முறை. ஆனால் அளவு காட்டும் கோடுகளை மட்டும் நம்புதல் கூடாது. நாற்பத்தைந்து லிட்டர் டேங்குக்கு எட்டுக் கோடுகள் என்றால், ஒரு கோட்டுக்குள்ளேயே ஐந்தரை லிட்டருக்கு மேல் அடங்குகிறது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஐந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் வேறுபாடு. நிறைந்த டேங்கில் எடுத்து நிறைந்த டேங்கில் கொடுத்தால் இச்சிக்கல் எழாது. அருகிலுள்ள பங்க்கிலேயே நிரப்பி, ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டியை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் எரிபொருள் அளவு, ஓடிய கிலோமீட்டர், வண்டியின் நான்கு பக்கங்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பத்து நிமிட வேலை. பெட்ரோலா, டீசலா, சி.என்.ஜி.யா என்பதை மூடியைத் திறந்து படித்துப் பார்த்த பின்னரே நிரப்ப வேண்டும். டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டால் பழுது பார்க்கும் செலவை எடுத்தவரே ஏற்க நேரும்.

வெளிநாட்டில் பணி செய்யும் பிள்ளைகள் அங்கே கார் எடுத்த அனுபவத்தைக் கூறக் கேட்டிருப்பீர்கள். விமான நிலையத்தில் இறங்கியவுடன், மோதல் சேதத்துக்குக் காப்பு வேண்டுமா, மூன்றாம் நபருக்குக் கூடுதல் காப்பு வேண்டுமா, டேங்கை முன்பணம் கட்டி வாங்கிக்கொள்கிறீர்களா, நிரப்பித் தருகிறீர்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டு அலுக்க வைப்பார்களாம். தேவையற்ற காப்பையும் சேர்த்து விற்றுவிடும் தந்திரம் அதில் இருக்கலாம். நம் ஊரின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே எவரும் எதையும் கேட்பதில்லை. சாவியும் சிரிப்பும் உடனே கிடைக்கின்றன. கேட்பவர் இல்லாத இடத்தில் கேட்கும் கடமை நம்முடையது ஆகிறது.

கேட்பது கடினமன்று. வண்டியின் எண்ணைக் கொண்டு அதன் இன்ஷூரன்ஸ் எந்நாள் வரை செல்லும், வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பவற்றை அரசின் எம்பரிவாகன் செயலியில் எவரும் பார்க்கலாம். பாலிசியின் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி வண்டிக்காரரைக் கேட்கலாம். வாடகை, டீசல், படி, சுங்கம், சேதம் ஆகிய ஐந்தையும் ஐந்து வரிகளில் கைப்பேசியில் எழுதி அனுப்பி, “சரி” என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளலாம். நல்ல வண்டிக்காரர் இதனால் மனம் வருந்த மாட்டார். தம் தொழிலை மதிக்கும் வாடிக்கையாளர் எனக் கருதுவார். முகம் சுளிப்பவரின் வண்டியை விட்டுவிடுவது நலம்.

அன்புள்ள வாசகர்களே, வாடகைப் பணம் நமக்கும் வண்டிக்காரருக்கும் இடையே முடிந்துவிடுகிறது. பொறுப்போ, அந்த இருவரோடு நிற்பதில்லை. வழியில் நடந்து வரும் பாட்டி வரைக்கும், பள்ளிவிட்டுச் சாலையைக் கடக்கும் சிறுவன் வரைக்கும் நீள்கிறது. அவர்களுக்குரிய பங்கை நம் சிக்கனத்தில் சேர்த்துவிடாதிருப்போம். பிள்ளைகள் விடுமுறைக்கு வண்டி எடுக்கும்போது, எவ்வளவு மிச்சமாயிற்று என்று கேட்பதற்கு முன், பலகையின் நிறம் என்ன என்று கேட்போம். பின்னாளில் ஒருவர் நம்மிடம் வந்து, இரக்கத்தின் பெயரால் ஒரு பொய் சொல்லும்படி கேட்காத வகையில் இன்றே நம் பயணங்களை அமைத்துக்கொள்வோம்.